பழைய ஷெவ்ரலே கே10 பிக்கப்: கார்புரேட்டரும் மைலேஜும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1973 முதல் 1987 வரை அமெரிக்காவில் விற்ற ஷெவ்ரலே பிக்கப்புகளை இங்கே ‘ஸ்கொயர் பாடி’ என்பார்கள். பெயருக்கேற்ற சதுரம். அவற்றில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு ‘கே’ என்ற எழுத்து. அரை டன் வண்டி கே10, முக்கால் டன் கே20. என்னிடம் இருப்பது 1977 கே10. 350 கன அங்குல வி8, அதாவது 5.7 லிட்டர். டென்வருக்கு வெளியே வைத்து ஓட்டுகிறேன். ஊரில் ‘வண்டியில் பிக்கப் இல்லை’ என்போமே, வாங்கிய புதிதில் என் பிக்கப்பில் பிக்கப் இல்லை. பெட்ரோல் மட்டும் தண்ணீராய்ப் போனது. அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டவைதான் கீழே இருப்பவை. காலன் என்று வருவதெல்லாம் அமெரிக்கக் காலன், 3.785 லிட்டர்.

காலனுக்கு 10 மைல்தான் தருகிறது. கார்புரேட்டரை மாற்றினால் எவ்வளவு கூடும்?

கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவி. நன்றாக இருக்கிற ஒன்றைக் கழற்றிவிட்டு நன்றாக இருக்கிற இன்னொன்றை மாட்டினால் பெரும்பாலும் ஒன்றும் கூடாது. அதிகம் போனால் ஒரு மைல். கெட்டுப்போனதை எடுத்துவிட்டு நல்லதை மாட்டினால் இரண்டு, மூன்று மைல் கூடலாம். ‘புதுசு போட்டேன், மைலேஜ் எகிறிவிட்டது’ என்று சொல்பவர்களிடம் பழசு எந்த நிலையில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

ஏறக்குறைய இரண்டு டன் எடை, செங்கல் மாதிரி முகம், மூன்றே கியர் உள்ள ஆட்டோமேட்டிக். இதில் நெடுஞ்சாலையில் 13, 14 மைல் வந்தால் நல்ல வண்டி என்றே சொல்வேன். நம் கணக்கில் லிட்டருக்கு ஐந்தரை, ஆறு கிலோமீட்டர். ஊரில் உள்ளவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். 10-லிருந்து 12-க்கு ஏறுவதே லாபம்தான்: வருஷம் 5,000 மைல் ஓட்டினால் 500 காலன் செலவானது 417 காலனாக இறங்கும்.

கம்பெனியிலிருந்து வந்த கார்புரேட்டர் எது?

350 இன்ஜினில் பெரும்பாலும் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட். 1965-ல் வந்தது, 1990 வரை ஜெனரல் மோட்டார்ஸின் ஏதாவது ஒரு வண்டியில் இருந்துகொண்டே இருந்தது. நாலு தொண்டை, அதாவது காற்று உள்ளே போகும் துளைகள். முன்னால் உள்ள இரண்டும் சின்னவை, 35 மில்லிமீட்டர் விட்டம். பின்னால் உள்ள இரண்டும் 57 மில்லிமீட்டர், டீக்கடைக் கண்ணாடி டம்ளரின் வாய் அளவு இருக்கும். சாதாரணமாக ஓட்டும்போது பின்னால் உள்ளவை மூடியே கிடக்கும். ஆழமாக மிதித்தால்தான் திறக்கும். அப்போது வருகிற ‘பாஆஆ’ என்ற சத்தத்துக்காகவே இதை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு.

மைலேஜ் ரகசியம் அந்தச் சின்னத் தொண்டையில் இருக்கிறது. அடுப்பு ஊதும் ஊதாங்குழலில் துளை சின்னதாக இருந்தால்தான் காற்று வேகமாகப் போகும். இங்கேயும் அப்படித்தான்: காற்று வேகமாகப் போனால் பெட்ரோல் பொடித் துளியாகச் சிதறி நன்றாகக் கலக்கும், மெலிவான (பெட்ரோல் குறைந்த) கலவையிலும் ஒழுங்காக எரியும்.

இன்னொன்று, ஜெட்டுக்குள், அதாவது பெட்ரோலை அளந்துவிடும் துளைக்குள், தொங்கும் ஊசி. மீட்டரிங் ராட் என்பார்கள். நிதானமாக ஓட்டும்போது இன்ஜினின் வேக்குவம் (உறிஞ்சும் விசை) ஒரு குட்டி பிஸ்டனைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். ஊசியின் தடித்த பகுதி ஜெட்டை அடைத்துக்கொண்டு பெட்ரோலைக் குறைக்கும். மிதித்தால் வேக்குவம் விழும், ஸ்பிரிங் ஊசியைத் தூக்கும், மெல்லிய நுனி வரும், பெட்ரோல் தாராளமாகப் போகும்.

பெரிய கார்புரேட்டர் என்றால் கூடவே குடிக்குமா?

அளவு மட்டும் குடிக்காது. ஆனால் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜினின் கன அங்குலத்தைச் சுற்று வேகத்தால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும் என்று வரும். 350-ஐ 4,000 சுற்றால் பெருக்கி வகுத்தால் 405. இன்ஜின் முழுதாக நிரம்பாது, எண்பது சதவீதம் என்று வைத்தால் 324. அதுவும் பெடல் தரையைத் தொடும்போது.

60 மைல் வேகத்தில் சமதரையில் போகும்போது? காலனுக்கு 13 மைல் என்றால் மணிக்கு 4.6 காலன் எரிகிறது, எடையில் 28 பவுண்டு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏழு பவுண்டு காற்று. அது வெறும் 90 கன அடி. 750 கன அடி திறனுள்ள கார்புரேட்டரில் நீங்கள் வாழ்நாளில் பெரும்பகுதி பயன்படுத்துவது அந்த 90-ஐத்தான். அதனால் கேட்க வேண்டிய கேள்வி ‘மொத்தம் எவ்வளவு’ என்பதல்ல, ‘முன் தொண்டை எவ்வளவு சின்னது’ என்பதுதான்.

அப்படியானால் இரண்டு தொண்டை கார்புரேட்டர் போட்டால் மிச்சமாகுமா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வி8-க்கு வருகிற இரண்டு தொண்டைக் கார்புரேட்டரில், முழு வேகத்துக்கும் அந்த இரண்டே போதுமானதாக இருக்க வேண்டும். அதனால் அவை குவாட்ராஜெட்டின் முன் தொண்டையைவிடப் பெரியவை. மிச்சம் ஒன்றும் இராது. மேட்டில் இழுவையும் குறையும், நீங்கள் கூடுதலாக மிதிப்பீர்கள்.

எடல்புராக்கா, ஹோலியா, குவாட்ராஜெட்டா?

எடல்புராக்கும் ஹோலியும் வெளிக் கம்பெனிகள் விற்கும் கார்புரேட்டர்கள். என் வரிசை: ஒழுங்காகப் பழுதுபார்த்த குவாட்ராஜெட், அடுத்தது எடல்புராக், கடைசியில் ஹோலி. இது மைலேஜுக்கான வரிசை மட்டும்.

எடல்புராக்கில் 1406 என்ற எண் உள்ளதை வாங்குங்கள். 600 கன அடி, மின்சார சோக், சிக்கனத்தை மனதில் வைத்து அமைத்தது. அதே உடம்போடு வரும் 1405 கொஞ்சம் தாராளம். இது பழைய கார்ட்டர் ஏ.எஃப்.பி. கார்புரேட்டர் வழி வந்தது, இதிலும் மீட்டரிங் ராட் உண்டு. பெரிய வசதி என்னவென்றால், மேலே ஒரு திருகாணியைத் தளர்த்தினால் ராடும் ஸ்பிரிங்கும் கைக்கு வந்துவிடும். மூடியைக் கழற்றவே வேண்டாம். பெட்ரோல் பம்புக்குப் பக்கத்தில் நிறுத்திக்கூட மாற்றலாம், நான் மாற்றியிருக்கிறேன். குவாட்ராஜெட்டில் இதற்கே அரை மணி நேரம், ஒரு கேஸ்கெட், கொஞ்சம் கெட்ட வார்த்தை எல்லாம் வேண்டும்.

ஹோலி 600-இல் வேக்குவத்தால் திறக்கும் பின் தொண்டை உள்ளதை மட்டும் பாருங்கள். ‘டபுள் பம்பர்’ பக்கமே போக வேண்டாம். அது பந்தயத்துக்கு, மிதிக்கும்போதெல்லாம் இரண்டு பம்பில் பெட்ரோலைப் பீய்ச்சும். ஹோலியில் ஊசிக்குப் பதில் பவர் வால்வு, மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் விடும். அதன் மேல் 65 என்று இருந்தால் வேக்குவம் 6.5 அங்குலப் பாதரச அளவுக்குக் கீழே விழும்போது திறக்கும். ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கியர் போட்டு வேக்குவத்தைப் பார்த்து, அதில் பாதி எண் உள்ள வால்வைப் போடுவது வழக்கம். டென்வர் உயரத்தில் வேக்குவமே குறைவாக இருக்கும், எண்ணைக் குறைத்துப் போடாவிட்டால் வால்வு சும்மாவே திறந்து கிடக்கும். 1992-க்கு முந்தைய ஹோலியில் ஒரு பேக்ஃபயர் (கார்புரேட்டர் பக்கமாகத் திரும்பி வெடிப்பது) அடித்தால் அந்த வால்வின் சவ்வு கிழிந்துவிடும். பிறகு கறுப்புப் புகைதான்.

ஒரு எச்சரிக்கை. குவாட்ராஜெட்டின் அடிப்பாகம் வேறு, இவற்றின் அடிப்பாகம் வேறு. இடையில் அடாப்டர் தட்டு வைத்து மாட்டுவார்கள். பழைய சொந்தக்காரர் என் வண்டியில் அப்படித்தான் எடல்புராக்கை வைத்திருந்தார். தட்டின் ஓரத்தில் காற்று கசிந்து ஐடில் குதித்துக்கொண்டே இருந்தது. அதை மறைக்கப் பெட்ரோலைக் கூட்டி வைத்திருந்தார். கழற்றிய குவாட்ராஜெட்டை நல்லவேளையாக ஒரு ஷூ பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

பழைய குவாட்ராஜெட்டில் பெட்ரோல் எங்கே வீணாகிறது?

முதல் சந்தேகம் ஃப்ளோட். பெட்ரோல் கிண்ணத்தில் மிதந்துகொண்டு மட்டத்தைக் காக்கும் துண்டு. குவாட்ராஜெட்டில் அது நைட்ரோஃபில் என்ற நுரைப் பொருள். வருஷக்கணக்கில் பெட்ரோலில் ஊறினால் மெல்ல உறிஞ்சிக் கனத்துப்போகும். கனத்த மிதவை தாழ மிதக்கும், ஊசி வால்வு தாமதமாக மூடும், கிண்ணத்தில் மட்டம் ஏறும், எல்லா வேகத்திலும் கலவை கெட்டியாகும், அதாவது பெட்ரோல் மிகும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

அந்த ஷூ பெட்டிக் குவாட்ராஜெட்டை ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்தது. மாட்டினேன். காலனுக்கு 9 மைல்! எடல்புராக்கில் வந்ததைவிட மோசம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி, தோசைக்கல்லின் அடிப்பாகம் மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து ஃப்ளோட்டை எடுத்தேன். கடைக்காரர் பழுதுபார்ப்பு கிட்டில் இருந்த கேஸ்கெட்டையெல்லாம் மாற்றியிருக்கிறார், ஃப்ளோட் கிட்டில் வராது, அதனால் பழசையே திரும்ப வைத்திருக்கிறார். பெட்ரோல் நாற்றம் அடிக்கிற அதைச் சமையலறையில் வெந்தயம் நிறுக்கும் தராசில் வைத்தது வீட்டில் பெரிய பிரச்சினை ஆகிவிட்டது. ஆனால் விடை கிடைத்தது: புதிதாக வாங்கியதைவிட இரண்டு கிராம் கூட. அந்த இரண்டு கிராமைத் தூக்கி எறிந்து, உயரத்தைச் சரியாக வைத்ததும் அடுத்த தொட்டியிலேயே 11-ஐத் தாண்டியது.

அடுத்தது, அடியில் உள்ள அடைப்புகள். ஜெட்டுக்குக் கீழே உள்ள கிணறுகளின் அடித் துளையைத் தொழிற்சாலையில் சின்ன உலோக மூடியால் அடைத்திருப்பார்கள். வயசானால் கசியும். இரவெல்லாம் சொட்டி, காலையில் கிண்ணம் காலியாகி, செல்ஃப் நீண்ட நேரம் அடிக்க வேண்டியிருந்தால் இதைச் சந்தேகியுங்கள். பெட்ரோல் தாங்கும் எப்பாக்ஸி பூசினால் நின்றுவிடும்.

சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூடான பிறகு ஏர் கிளீனரைக் கழற்றினால் சோக் தட்டு நட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் நாள் முழுக்கக் குளிர்கால இன்ஜினாகவே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். தெர்மோஸ்டாட்டும் (இன்ஜின் வெப்பத்தைக் காக்கும் வால்வு) இதோடு சேர்ந்தது: 195 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டிய இடத்தில் ‘கூலாக இருக்கட்டும்’ என்று 160 போட்டு வைத்திருப்பார்கள். எடுத்துவிடுங்கள்.

உயரமான ஊரில் ஜெட்டை மாற்ற வேண்டுமா?

டென்வர் 5,280 அடி. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. தொண்டையில் போகும் காற்றின் வேகத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் கொடுக்கும். அதனால் மேலே போகப் போகக் கலவை கெட்டியாகும். ஹோலிக்கு 2,000 அடிக்கு ஒரு ஜெட் எண் குறைப்பது பொதுவான கணக்கு.

என் வண்டி ஹூஸ்டனிலிருந்து வந்தது, கடல்மட்டம். முன் ஜெட்டில் 72 என்று இருந்தது. ரோச்செஸ்டர் ஜெட்டில் எண் என்பது துளையின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு. ஹோலி எண்ணில் அந்த ஒழுங்கு கிடையாது. 70 போட்டேன். இரண்டு எண்தானே என்று தோன்றும். ஆனால் ஜெட்டுக்குள் ஊசி ஒரு பெரிய பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது, மிச்ச வளையத்தில்தான் பெட்ரோல் போகிறது. அந்தக் கணக்கில் எட்டு சதவீதம் போலக் குறையும். டெக்சாஸுக்குத் திரும்பினால் 72-ஐத் திரும்பப் போட வேண்டும். கையுறைப் பெட்டியில் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னும் சின்ன ஜெட் போட்டால் இன்னும் மிச்சமாகுமே?

ஆகாது. ஒரு எல்லைக்குக் கீழே கலவை பற்றாமல் தவறும். சீரான வேகத்தில் போகும்போது யாரோ பின்னாலிருந்து லேசாகத் தள்ளித் தள்ளி விடுகிற மாதிரி இருக்கும். அப்போது கால் தானாகவே கூடுதலாக மிதிக்கும், ஊசி மேலே எழும், மிச்சப்படுத்தியதும் போய் அதற்கு மேலும் போகும். பாரம் இழுக்கும்போது அது வால்வையும் எரித்துவிடும்.

கார்புரேட்டர் சரி. வேறு எதைப் பார்ப்பது?

டைமிங், அதாவது பொறி விழும் நேரம். பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரு வேக்குவம் டப்பா இருக்கும். ‘அது தேவையில்லை’ என்று யாரோ ஒரு புண்ணியவான் குழாயைப் பிடுங்கி அடைத்திருப்பார். நிதானமாக ஓடும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு, மெலிவு, மெல்லத்தான் எரியும். அதனால் பொறி முன்கூட்டியே விழ வேண்டும். இந்த இன்ஜினில் வேகத்தோடு ஏறும் டைமிங் மொத்தம் 34 முதல் 36 டிகிரி. வேக்குவம் சேர்ந்தால் நெடுஞ்சாலையில் 50 டிகிரி வரை போகலாம். அந்த ஒன்றரை டாலர் ரப்பர் குழாயை மாட்டுவதற்கு முன்னால் புதுக் கார்புரேட்டருக்கு ஆர்டர் போடாதீர்கள்.

அப்புறம் கியர், டயர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி). 4.10 கியர் விகித ஆக்ஸில், 31 அங்குல டயர் என்றால் 60 மைலில் இன்ஜின் 2,670 சுற்று போலச் சுற்றும். 3.73 என்றால் 2,430. 1982-ல் வந்த 700ஆர்4 கியர்பாக்ஸின் நாலாவது கியர் 0.70, 3.73-உடன் அதை வைத்தால் 1,700. இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடான கார்புரேட்டர் உலகத்தில் இல்லை. ஆனால் செலவு? அதனால்தான் நானும் இன்னும் மூன்று கியரிலேயே ஓடுகிறேன்.

1973 முதல் 1979 வரை ஆட்டோமேட்டிக் வி8 வண்டிகள் பலவற்றில் என்பி203 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸ். நிரந்தர ஃபோர் வீல் டிரைவ். காய்ந்த தார் ரோட்டிலும் முன் ஆக்ஸில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தேவையானபோது மட்டும் இணைக்கிற மாதிரி மாற்ற கிட் கிடைக்கிறது, முன் சக்கரத்தில் லாக்கிங் ஹப்பும் (சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவுவது) போட வேண்டும். ஹப் ஏற்கெனவே இருக்கிற வண்டியில், வெயில் காலத்தில் அதைப் பூட்டு விடுவித்த நிலையில் திருப்பி வைத்திருக்கிறீர்களா என்று இறங்கிப் பாருங்கள். மறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வேகமும் உண்டு. 55-லிருந்து 65-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 40 சதவீதம் கூடும். 1974-ல் நாடு முழுக்க 55 மைல் எல்லை கொண்டுவந்தார்கள். இந்த வண்டிகளின் மைலேஜுக்கு அந்த வேகம்தான் பொருத்தம்.

மைலேஜை எப்படிச் சரியாகக் கணக்கிடுவது?

ஒரே பம்ப், ஒரே தொட்டி, கிளிக் சத்தம் வரும்வரை நிரப்புவது, மூன்று முறை சராசரி. இரண்டு தொட்டி வண்டியில் ஒரு தொட்டியை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். மாற்றும் வால்வு கெட்டிருந்தால் ஒன்றிலிருந்து எடுத்த பெட்ரோலில் மிச்சத்தை இன்னொன்றுக்குத் திருப்பி அனுப்பும். டயரையும் மறக்காதீர்கள். 30 அங்குலம் இருந்த இடத்தில் 33 போட்டிருந்தால் மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 110 மைல் ஓடியிருப்பீர்கள். மைலேஜ் விழுந்துவிட்டது என்று அழுகிற சிலருக்கு விழுந்தது மீட்டர்தான்.

மலைப் பாதையில், சரிவில் எது நல்லது?

குவாட்ராஜெட்டின் கிண்ணம் சின்னது, நடுவில் இருக்கிறது. சாய்ந்தாலும் பெட்ரோல் அதிகம் அலையாது. சாதாரண ஹோலியின் கிண்ணங்கள் முன்னும் பின்னும் தொங்குவதால் செங்குத்தில் மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்குள் வழியும். இதற்காகவே ‘ட்ரக் அவெஞ்சர்’ என்று ஒரு வகையை ஹோலி விற்றது.

எத்தனால் கலந்த பெட்ரோல்?

10 சதவீதம் கலந்தால் மைலேஜ் மூன்று சதவீதம் போலக் குறையும், தப்பிக்க வழியில்லை. பழைய ரப்பர் குழாய்களையும் ஆக்ஸிலரேட்டர் பம்பின் ரப்பர் கப்பையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். இஷ்டத்துக்கு மாற்றலாமா?

பெட்ரோல் வண்டி 1975 அல்லது அதற்கு முந்தைய மாடல் என்றால் புகைச் சோதனை கிடையாது. 1976 முதல் உண்டு; மாநில அனுமதி எண் உள்ள கார்புரேட்டரைத்தான் போடலாம். வாங்கும் முன் அந்த எண்ணைக் கேளுங்கள்.

கார்புரேட்டரே வேண்டாம், இன்ஜெக்‌ஷன் போடலாமா?

போடலாம், அது பெட்ரோலை மின்னணுக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும். ஷெவ்ரலேயே 1987-ல் இந்த வண்டிகளுக்கு த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் கொடுத்துவிட்டது. குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும், மலை ஏறினால் தானே கலவையைத் திருத்திக்கொள்ளும். ஒழுங்கான கார்புரேட்டரோடு ஒப்பிட்டால் மைலேஜில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். கிட், பம்ப், குழாய் எல்லாம் சேர்ந்து ஆயிரம் டாலரைத் தாண்டும். அதைப் பெட்ரோலில் திரும்ப எடுக்கப் பல வருஷம் ஆகும்.

என்னுடையது ஜீப் சிஜே, 258 கன அங்குல ஆறு சிலிண்டர். இதெல்லாம் பொருந்துமா?

டைமிங், டயர், கணக்கு எல்லாம் பொருந்தும். கார்புரேட்டர் மட்டும் வேறு கதை. அதில் வரும் கார்ட்டர் பிபிடியின் ஐடில் துளைகள் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். பலரும் அதை எடுத்துவிட்டு மோட்டார்கிராஃப்ட் 2100 போடுகிறார்கள். கிண்ணத்தின் பக்கவாட்டில் 1.08 என்று அச்சிட்டதைத் தேடுங்கள், அது தொண்டையின் அளவு, அங்குலத்தில். 1.21 அந்த இன்ஜினுக்குப் பெரிது.

உங்கள் வண்டி இப்போது எவ்வளவு தருகிறது?

நெடுஞ்சாலையில் 60-ல் போனால் 13. ஊருக்குள் பத்தரை. ஜனவரியில், பனியில், ஹப்பைப் பூட்டிக்கொண்டு போகும்போது நான் கணக்குப் பார்ப்பதில்லை. கழற்றிய எடல்புராக் அந்த ஷூ பெட்டியில் இருக்கிறது.